கண்ணுக்குத் தெரியாத இயலாமைக்குக் கொடுப்பனவு கேட்பது எப்படி: திருகோணமலைப் பெற்றோருக்கு

ஓட்டிசம், அறிவு வளர்ச்சிக் குறைபாடு, ஏ.டி.எச்.டி (கவனக்குறைவும் மிகைத் துடிப்பும்), டவுண் சின்ட்ரோம், வலிப்போடு சேர்ந்த வளர்ச்சித் தாமதம், பதின்ம வயதில் தொடங்கும் கடும் மனச்சோர்வு அல்லது மனநோய் என்று பிள்ளைக்கு எது இருந்தாலும், பிரதேச செயலகத்தில் விண்ணப்பத்தின் தலைவிதியை நோயின் பெயர் மட்டும் தீர்மானிப்பதில்லை. பிள்ளை எவற்றைத் தானாகச் செய்ய முடியாமல் இருக்கிறது, அதற்காக வீட்டில் யார் எவ்வளவு நேரம் பக்கத்தில் இருக்கவேண்டியிருக்கிறது என்பதே பெரிதும் பார்க்கப்படும். சக்கர நாற்காலியில் வரும் பிள்ளைக்கு இதை யாரும் விளக்கத் தேவையில்லை. தாயின் கையைப் பிடித்து நடந்து வந்து, மேசையில் கிடக்கும் முத்திரையை எடுத்து விளையாடும் ஏழு வயதுப் பிள்ளையைப் பார்த்தால் எவருக்கும் "நல்லாத்தானே இருக்கிறார்" என்றுதான் தோன்றும். அந்த எண்ணத்தை மாற்றுவது உங்கள் கோப்பில் இருக்கும் தாள்கள்தான். இந்த வழிகாட்டியின் பெரும்பகுதி அந்தத் தாள்களைப் பற்றியது.

சட்டத்தின் வாசகம் இதற்கு இடம் தருகிறது. மாற்றுத்திறனாளிகளின் உரிமைகளைப் பாதுகாக்கும் 1996ஆம் ஆண்டின் 28ஆம் இலக்கச் சட்டம், உடல் ஆற்றலிலோ உள ஆற்றலிலோ பிறவியிலேயே அல்லது பின்னர் ஏற்பட்ட குறைபாட்டால், வாழ்க்கைத் தேவைகளை முழுமையாகவோ பகுதியாகவோ தானாக நிறைவேற்றிக்கொள்ள முடியாத எவரையும் மாற்றுத்திறனாளி என்கிறது. இதில் மூன்று விடயங்களைக் கவனியுங்கள். உள ஆற்றலும் கணக்கில் வரும். பகுதியளவு இயலாமையும் போதும். அளவுகோல் "தானாக" என்பது. நீங்கள் ஊட்டிவிடுவதால் பிள்ளை வயிறு நிறையச் சாப்பிடுகிறது என்றால், தானாகச் சாப்பிட முடிகிறது என்று ஆகாது. வைத்தியரோடும் உத்தியோகத்தரோடும் கதைக்கும்போது இந்த வேறுபாட்டை மனதில் வைத்திருங்கள்.

எவற்றைக் கேட்கலாம்

குறைந்த வருமானமுள்ள குடும்பங்களில் இருக்கும் மாற்றுத்திறனாளிகளுக்கான மாதக் கொடுப்பனவு 2025 ஏப்ரல் முதல் 10,000 ரூபா. அதற்கு முன் 7,500 ஆகவும், இன்னும் முன்னர் 5,000 ஆகவும் இருந்தது. இது பெரியவர்களுக்கு மட்டுமான பணம் என்று பல குடும்பங்கள் நினைத்துக்கொண்டிருக்கின்றன. பிள்ளைகளுக்கும் விண்ணப்பிக்கலாம். ஒரே வீட்டில் இரண்டு பிள்ளைகளுக்கு இந்த நிலை இருந்தால் இருவருக்கும் தனித்தனி மருத்துவ அறிக்கையோடு தனித்தனியே விண்ணப்பியுங்கள்.

அஸ்வெசும குடும்பக் கொடுப்பனவு வேறு. 2023 ஜூலையில் தொடங்கிய இந்தத் திட்டத்தில் 2025 ஜனவரி முதல் வறிய குடும்பங்களுக்கு 10,000 ரூபாவும் மிகவும் வறிய குடும்பங்களுக்கு 17,500 ரூபாவும் வரை வழங்கப்படுகிறது. கல்வி, சுகாதாரம், பொருளாதார நிலை, சொத்துக்கள், வீட்டின் நிலை, குடும்ப அமைப்பு என்ற ஆறு துறைகளில் 22 அளவுகோல்களை வைத்துக் குடும்பத்தை மதிப்பிடுகிறார்கள். கணக்கெடுக்க வருபவர் சுகாதாரப் பகுதியில் பிள்ளையின் நிலையைப் பதிகிறாரா என்று பக்கத்தில் இருந்து பாருங்கள். "வீட்டில் நோயாளி யாராவது இருக்கிறார்களா?" என்று கேட்டால், காய்ச்சல், சீனி வருத்தம், பிறஷர் என்றுதான் நம் ஆட்கள் நினைப்பார்கள். ஓட்டிசம் உள்ள பிள்ளையை நோயாளி என்று சொல்ல மனம் வராமல் "இல்லை" என்றுவிடுவார்கள். அந்த ஒரு சொல் குடும்பத்தின் மதிப்பீட்டையே மாற்றிவிடலாம். கேட்காவிட்டாலும் நீங்களே சொல்லி, மருத்துவக் கடிதத்தைக் காட்டுங்கள். அஸ்வெசும பட்டியலில் உங்கள் பெயர் இல்லை என்பதற்காக மாற்றுத்திறனாளிக் கொடுப்பனவைக் கேட்காமலும் இருந்துவிடாதீர்கள். சமூக சேவை உத்தியோகத்தரிடம் தனியாகக் கேளுங்கள்.

இவற்றோடு மாற்றுத்திறனாளிகளுக்கான தேசிய செயலகம், கிழக்கு மாகாண சமூக சேவைத் திணைக்களம் ஆகியவற்றின் ஊடாக உதவிக் கருவிகளும் வேறு சில உதவிகளும் கிடைக்கின்றன. இவை எல்லாவற்றுக்கும் வாசல் ஒன்றுதான்: உங்கள் பிரதேச செயலகத்தின் சமூக சேவைக் கிளை. திருகோணமலை மாவட்டத்தில் பட்டணமும் சூழலும், குச்சவெளி, தம்பலகாமம், கிண்ணியா, மூதூர், வெருகல், சேருவில, கந்தளாய், மொரவெவ, கோமரங்கடவல, பதவிசிறிபுர என்று 11 பிரதேச செயலகங்கள் உள்ளன. நீங்கள் வசிக்கும் பிரிவுக்குத்தான் போகவேண்டும்.

மருத்துவப் பாதை: எங்கிருந்து தொடங்குவது

ஐந்து வயதுக்குக் குறைந்த பிள்ளை என்றால் குடும்பநல மாதுவிடமிருந்து தொடங்குங்கள். சிறுவர் சுகாதார அபிவிருத்திப் பதிவேட்டில் நிறை, உயரம், தடுப்பூசி மட்டுமல்ல, எந்த வயதில் என்ன செய்யவேண்டும் என்ற வளர்ச்சிப் பகுதியும் உண்டு. பல வீடுகளில் அந்தப் பக்கம் வெறுமையாகக் கிடக்கும். பிள்ளை பெயர் சொல்லிக் கூப்பிட்டால் திரும்பவில்லை, 18 மாதத்தில் விரலால் எதையும் சுட்டிக்காட்டவில்லை, முன்பு சொன்ன சொற்களை இப்போது சொல்லவில்லை என்றால், அதை அந்தப் பதிவேட்டிலேயே திகதியோடு எழுதித் தரும்படி கேளுங்கள். எப்போது தொடங்கியது என்பதற்குப் பின்னாளில் இதைவிட நல்ல சான்று கிடைக்காது. அங்கிருந்து சுகாதார வைத்திய அதிகாரியின் கிளினிக், பிறகு ஆதார வைத்தியசாலை அல்லது திருகோணமலை மாவட்டப் பொது வைத்தியசாலையின் சிறுவர் கிளினிக் என்று பாதை போகும். கிண்ணியா, மூதூர், கந்தளாய், புல்மோட்டைப் பக்கத்தவர்கள் தங்கள் ஆதார வைத்தியசாலையிலேயே தொடங்கலாம்.

"ஆம்பிளப் பிள்ளை பிந்தித்தான் பேசும்", "இவங்க அப்பாவும் அஞ்சு வயசிலதான் கதைச்சவர்" என்று சொல்லும் சொந்தக்காரர் ஒவ்வொரு குடும்பத்திலும் இருப்பார். அன்பில்தான் சொல்கிறார்கள். ஆனால் அதைக் கேட்டுக் காத்திருப்பதால் போவது பணம் மட்டுமல்ல. பேச்சுச் சிகிச்சைக்கு மிகவும் பயன்தரும் வருடங்களும் அதோடு போய்விடும்.

பேச்சுத் தாமதத்துடன் போகும் பிள்ளைக்கு முதலில் காது கேட்கும் திறன் சோதிக்கப்படவேண்டும். காது கேட்பதில் குறைபாடு இருந்தாலும் பிள்ளை பெயருக்குத் திரும்பாது. அந்தச் சோதனை முடிவு கோப்பில் இல்லாவிட்டால், பின்னர் வேறொரு வைத்தியர் அதைக் கேட்டு மீண்டும் ஆரம்பத்துக்கு அனுப்புவார். அதன்பின் நிலைமைக்கேற்ப பேச்சுச் சிகிச்சையாளர், தொழில்வழிச் சிகிச்சையாளர், உளநல வைத்தியர் ஆகியோரிடம் அனுப்புவார்கள். சிலரைக் கொழும்பு லேடி றிஜ்வே சிறுவர் வைத்தியசாலைக்கு அனுப்புவதும் உண்டு. அப்படிப் போனால், திரும்பும்போது அறிக்கையின் பிரதி இல்லாமல் வராதீர்கள். தபாலில் வரும் என்று நம்பி வந்துவிட்டால், ஒரு தாளுக்காக மறுபடி இரவு ரயில் ஏறவேண்டியிருக்கும்.

கிளினிக் நாளைத் தவறவிடுவது விண்ணப்பத்தை நேரடியாகப் பாதிக்கிறது. வெருகலிலிருந்தோ குச்சவெளியிலிருந்தோ பஸ் ஏறி, அமைதியாக இருக்கத் தெரியாத பிள்ளையோடு அரை நாள் காத்திருப்பது எவ்வளவு கடினம் என்பது தெரியும். ஆனால் கிளினிக் கொப்பியில் எட்டு மாத இடைவெளி இருந்தால், படிப்பவர் "சுகமாகிவிட்டது போல" என்று எடுத்துக்கொள்வார். வர முடியாமல் போனால், அடுத்த முறை ஏன் வரவில்லை என்பதை ஒரு வரி எழுதும்படி வைத்தியரிடம் கேளுங்கள்: "தாய்க்குச் சுகமில்லை", "வெள்ளத்தால் பாதை இல்லை". ஒரு வரி போதும்.

14 நாள் குறிப்பு

வைத்தியரிடம் அறிக்கை கேட்கப் போவதற்கு முன் செய்யவேண்டிய மிக முக்கியமான வேலை இது. ஒரு சி.ஆர். கொப்பி வாங்கி, 14 நாட்களுக்கு, நாளுக்கு ஒரு பக்கம் எழுதுங்கள். சாப்பாடு, மலசலம், குளிப்பும் உடுப்பும், நித்திரை, பேச்சு, ஆபத்து, பாடசாலை ஆகிய ஏழு விடயங்கள் போதும். ஒவ்வொன்றிலும் என்ன நடந்தது, யார் உதவினார், எத்தனை நிமிடம் என்று மட்டும் எழுதுங்கள். அழகான மொழி தேவையில்லை.

பெற்றோர் எழுதும் குறிப்புகள் பயன்படாமல் போவதற்குக் காரணம், அவை குணத்தைச் சொல்கின்றன, நிகழ்வைச் சொல்வதில்லை. "சரியான குழப்படி" என்று எழுதினால் அது எந்தப் பிள்ளைக்கும் பொருந்தும். "8 வயது. செவ்வாய்க்கிழமை இரண்டு தடவை படலையைத் திறந்து பிரதான வீதிக்கு ஓடினான். வாகனம் வருவது தெரியவில்லை. இப்போது படலைக்குப் பூட்டுப் போட்டிருக்கிறோம், நான் குளிக்கப் போனால் அம்மம்மா கையைப் பிடித்திருக்கவேண்டும்" என்று எழுதினால் அது சான்று. "நித்திரை கொள்ளமாட்டாள்" என்பதற்குப் பதில் "வாரத்தில் 4 இரவு 1 மணிக்குப் பிறகுதான் நித்திரை, 5 மணிக்கு எழும்புவாள், அதுவரை தந்தையும் நானும் மாறி மாறி விழித்திருக்கிறோம்." "சாப்பிடமாட்டான்" என்பதற்குப் பதில் "வெள்ளைச் சோறும் பருப்பும் மட்டும், தட்டில் வேறு கறி பட்டால் சாப்பிடமாட்டான், ஊட்ட 50 நிமிடம்."

வயதை எப்போதும் பக்கத்தில் எழுதுங்கள். இரண்டு வயதுப் பிள்ளை உடுப்போடு சிறுநீர் கழிப்பது வழமை. ஒன்பது வயதில் நாளுக்கு மூன்று தடவை உடுப்பு மாற்றவேண்டியிருந்தால் அது இயலாமை. அதே வயதுடைய அயலவர் பிள்ளை தானாகச் செய்யும் ஒரு காரியத்தை உங்கள் பிள்ளை செய்யாதபோது அதைத்தான் எழுதவேண்டும்.

நம் ஊர்ச் சூழலில் ஆபத்து என்ற பகுதியை விரிவாக எழுதுங்கள். வளவுக்குள் கட்டில்லாத கிணறு, பத்து நிமிட நடையில் கடல் அல்லது களப்பு, விறகடுப்பு, வேலியில்லாத வீதி என்று ஆபத்துப் புரியாத பிள்ளைக்கு ஒவ்வொரு வீட்டிலும் ஏதோ ஒன்று இருக்கிறது. தாய் மீன் காயவைக்கவோ கூலிக்கோ போக முடியாமல் வீட்டிலேயே இருப்பதற்கு இதுதான் பெரும்பாலும் காரணம். அந்த இழந்த உழைப்பையும் ஒரு வரியில் குறியுங்கள்.

நிலைமை ஏறி இறங்கும் பிள்ளைகளுக்கு, முக்கியமாக மனச்சோர்வு, கடும் பதகளிப்பு, திரும்பத் திரும்பக் கைகழுவுதல் போன்ற எண்ணச் சுழல் நோய், மனநோயின் ஆரம்பம் ஆகியவற்றுக்கு, 14 நாள் போதாது. ஒரு மாதம் எழுதி, அதில் எத்தனை நாள் மோசம், எத்தனை நாள் நடுத்தரம், எத்தனை நாள் நல்லது என்று எண்ணிக்கை கொடுங்கள். இந்தப் பிள்ளைகள் வைத்தியர் முன் அமைதியாக இருந்து, கேட்டதற்குத் தலையாட்டி விட்டு வருவார்கள். வீட்டில் மூன்று நாளாக அறையை விட்டு வெளியே வராததை அந்த ஐந்து நிமிடம் காட்டாது. தன்னைக் காயப்படுத்துவது, சாகவேண்டும் என்று கதைப்பது இருந்தால் அதை விண்ணப்பத்துக்காகக் காத்துவைக்காதீர்கள். அன்றே வைத்தியசாலைக்குக் கொண்டுபோங்கள், அல்லது தேசிய மனநல நிறுவகத்தின் 1926 இலக்கத்துக்கு அழையுங்கள்.

வைத்தியரின் அறிக்கை

கிளினிக்கில் 60 பேர் வரிசையில் நிற்கும்போது வைத்தியருக்கு உங்களுக்காக இருக்கும் நேரம் மிகக் குறைவு. அதனால்தான் பல அறிக்கைகள் "ஏ.டி.எச்.டி, சிகிச்சையில் உள்ளார்" என்று ஒரே வரியில் முடிகின்றன. அதைப் படிக்கும் உத்தியோகத்தருக்கு அதில் ஒன்றும் இல்லை. சிகிச்சையில் இருப்பதால் சரியாகிவிட்டது என்றும் அவர் நினைக்கலாம்.

14 நாள் குறிப்பை ஒரே பக்கத்துக்குச் சுருக்கி, முக்கியமான பத்து வரிகளாக எழுதி, கிளினிக் தொடங்கும்போதே தாதியிடம் படிவத்தோடு கொடுங்கள். "டொக்டர், இண்டைக்கே வேணுமெண்டில்ல, நீங்க எழுதி வைங்க, நான் வந்து எடுக்கிறன்" என்று சொன்னால் அவசரத்தில் எழுதப்படும் ஒரு வரிக்குப் பதிலாகப் பொறுமையாக எழுதப்பட்ட அரைப்பக்கம் கிடைக்கும் வாய்ப்பு அதிகம்.

அறிக்கையில் இருக்கவேண்டியவை: நோயறிதல், எப்போது அறியப்பட்டது, அது நிரந்தரமானதா நீண்டகாலமா, தானாகச் செய்ய முடியாதவை எவை, எந்நேரமும் கண்காணிப்புத் தேவையா, என்ன சிகிச்சை எவ்வளவு இடைவெளியில், வைத்தியரின் பெயர், பதவி முத்திரை, திகதி. அரச வைத்தியசாலை வைத்தியரின் கையொப்பமே வேண்டும். தனியார் கிளினிக்கில் பெற்ற உளவியல் மதிப்பீடு இருந்தால் அதைத் துணைச் சான்றாக இணைக்கலாம், அதை மட்டும் நம்பிப் போகாதீர்கள். அறிக்கை பெரும்பாலும் ஆங்கிலத்தில் இருக்கும். ஆங்கிலம் தெரிந்த ஒருவரிடம் வாசிப்பித்து, பிள்ளையின் பெயர், பிறந்த திகதி, வயது ஆகியவை பிறப்புச் சான்றிதழோடு ஒத்துப்போகின்றனவா என்று வைத்தியசாலையை விட்டு வெளியேறுமுன் பாருங்கள்.

சிறு வயதுப் பிள்ளைக்கு வைத்தியர் உறுதியான நோயறிதல் எழுதத் தயங்குவார். அது நியாயம்தான். அந்த நிலையில் "தற்போதைய மதிப்பீடு, அடுத்த மீளாய்வு இன்ன திகதி" என்று எழுதித் தரும்படி கேட்கலாம். பெயர் பிறகு மாறினாலும், இன்று என்ன செய்ய முடியவில்லை என்பது இன்றைக்கு உண்மை.

மற்றத் தாள்கள்

பிள்ளையின் பிறப்புச் சான்றிதழ், பெற்றோரின் அடையாள அட்டைப் பிரதிகள், கிராம உத்தியோகத்தரின் வதிவிட மற்றும் வருமான உறுதிப்படுத்தல், கிளினிக் கொப்பியின் எல்லாப் பக்கங்களின் பிரதி, பாடசாலைக் கடிதம், வங்கிப் புத்தகத்தின் முதல் பக்கம். ஒவ்வொன்றிலும் மூன்று பிரதி எடுத்து, மூலங்களைத் தனிப் பையில் வையுங்கள். மாரி காலத்தில் எல்லாவற்றையும் பொலித்தீன் பைக்குள் போட்டே வெளியே எடுங்கள்.

பெயர் எழுத்து வித்தியாசமே அதிகம் தாமதப்படுத்தும் விடயம். ஒரு தாளில் முஹம்மட், இன்னொன்றில் மொஹமட், தமிழ்ப் பெயருக்கு ஆங்கிலத்தில் இரண்டு விதம், சிங்களத்தில் மூன்றாவது விதம். சிறு வேறுபாடு என்றால் சமாதான நீதவான் முன் சத்தியக்கடதாசி முடித்து, இரு பெயரும் ஒரே பிள்ளையைக் குறிப்பதாகச் சொல்லலாம். பிறந்த திகதியோ தந்தையின் பெயரோ பிழையாக இருந்தால் பிரதேச செயலகத்திலுள்ள மேலதிக மாவட்டப் பதிவாளரிடம் திருத்தத்துக்குப் போடுங்கள். பிறப்பு மூன்று மாதத்துக்குள் பதியப்படாமல் விடுபட்டிருந்தால் பிற்பதிவும் அங்கேதான். கொடுப்பனவு விண்ணப்பத்தைத் திருத்தம் முடியும்வரை நிறுத்திவைக்காதீர்கள். திருத்தத்துக்குப் போட்ட பற்றுச்சீட்டின் பிரதியோடு கொடுத்துவிடுங்கள்.

தாய் வெளிநாட்டில் வீட்டுவேலைக்குப் போய், பிள்ளை அம்மம்மாவோடோ உம்மும்மாவோடோ வளரும் குடும்பங்கள் மூதூர், கிண்ணியாப் பக்கம் நிறைய. பராமரிப்பவர் யார், பிள்ளை எந்த வீட்டில் இருக்கிறது என்பதைக் கிராம உத்தியோகத்தர் எழுத்தில் உறுதிப்படுத்தவேண்டும். பிள்ளை ஒரு பிரிவில் வசிக்க, அஸ்வெசும பதிவு வேறொரு பிரிவில் கிடந்தால் இரண்டு அலுவலகமும் மற்றதைக் கைகாட்டும். முதலில் அதை ஒரே இடத்துக்கு மாற்றுங்கள்.

வருமானம் எழுதும்போது கடல்தொழில் குடும்பங்கள் நல்ல மாதத்தின் உழைப்பை மட்டும் சொல்லிவிடுகின்றன. வடகீழ்ப் பருவமழைக் காலத்தில் கடல் கொந்தளிக்கும் மாதங்களில் வருமானமே இல்லை என்றால், 12 மாதத்துக்கும் கூட்டி, 12ஆல் பிரித்துச் சொல்லுங்கள். உண்மையைக் குறைக்கவும் வேண்டாம், கூட்டவும் வேண்டாம்.

பாடசாலைக் கடிதம் இரு பக்கமும் வெட்டும். "ஒழுங்காகப் பாடசாலைக்கு வருகிறார்" என்று மட்டும் எழுதினால் பிள்ளைக்கு ஒரு குறையும் இல்லை என்று அர்த்தமாகும். எந்தத் தரத்தில் இருக்கிறார், எந்தத் தர மட்டத்தில் எழுதுகிறார், வகுப்பில் எவ்வளவு நேரம் இருக்க முடிகிறது, மலசலகூடத்துக்கு யார் கூட்டிப் போகிறார், விசேட கல்வி அலகில் இருக்கிறாரா என்று வகுப்பாசிரியரே எழுதி, அதிபர் முத்திரை இடட்டும்.

வங்கி விடயத்தில் ஒரு எச்சரிக்கை மட்டும். பிள்ளைகளுக்கென்று இருக்கும் சேமிப்புக் கணக்குகளில் பெரும்பாலும் 18 வயதுவரை பணத்தை இஷ்டப்படி எடுக்க முடியாது. மாதப் பணம் அதற்குள் போனால் மருந்துக்கு உதவாது. எந்தப் பெயரில், எந்த வகைக் கணக்கு என்பதைச் சமூக சேவைக் கிளையில் கேட்டபின் திறவுங்கள்.

கையளிப்பதும் வீட்டு விசாரணையும்

கள உத்தியோகத்தர்கள் எல்லா நாளும் கந்தோரில் இருப்பதில்லை. பொதுமக்கள் தினம் எது, உங்கள் உத்தியோகத்தர் எந்த நாள் இருப்பார் என்று முதலே கேட்டுவிட்டுப் போங்கள். கொடுக்கும் விண்ணப்பத்தின் உங்கள் பிரதியில் திகதி முத்திரை வாங்குங்கள். முத்திரை தர மறுத்தால் வீட்டுக்கு வந்து பதிவுத் தபாலில் அனுப்பி, துண்டைப் பாதுகாத்து வையுங்கள். விண்ணப்பப் படிவத்துக்குக் கட்டணம் இல்லை. "நான் முடிச்சுத் தாறன்" என்று காசு கேட்கும் எவருக்கும் கொடுக்காதீர்கள், வெற்றுப் படிவத்தில் கையெழுத்து வைக்காதீர்கள். படிவம் சிங்களத்தில் மட்டும் தரப்பட்டால் தமிழில் கேளுங்கள். அது சலுகை அல்ல, அரசியலமைப்பு தந்த உரிமை. மறுத்தால் 1956 என்ற இலக்கத்தில் முறையிடலாம்.

பிறகு உத்தியோகத்தர் வீட்டுக்கு வருவார். நிறைய விண்ணப்பங்கள் விழுவது இங்கேதான். வந்தவருக்குத் தேநீர் கொடுத்து, பிள்ளையைக் குளிப்பாட்டிப் புது உடுப்புப் போட்டு இருத்தி, "இப்ப பரவாயில்ல, முந்தியைவிட நல்ல மாற்றம்" என்று தாய் சொல்வாள். பிள்ளையைப் பற்றி அந்நியரிடம் குறை சொல்ல எந்தத் தாய்க்கும் வாய் வராது. ஆனால் உத்தியோகத்தர் எழுதிக்கொண்டு போவது அந்த ஒரு வசனத்தை. முன்னேற்றம் இருந்தால் சொல்லுங்கள். அதோடு, அந்த முன்னேற்றத்துக்குப் பிறகும் என்ன முடியவில்லை என்பதையும் சொல்லுங்கள்: "இப்போது கரண்டி பிடிக்கிறான். ஆனால் மலசலம் கழுவத் தெரியாது." 14 நாள் கொப்பியை அவர் கையில் கொடுங்கள். பூட்டுப் போட்ட படலையையும் மூடிய கிணற்றையும் காட்டுங்கள். பிள்ளை முன்னால் இதையெல்லாம் சொல்ல வேண்டாம். பேச்சில்லாத பிள்ளைக்கும் தன்னைப் பற்றிக் கதைப்பது புரியலாம். யாராவது பிள்ளையை முற்றத்துக்குக் கூட்டிப்போகட்டும்.

இல்லை என்றால், பதிலே இல்லை என்றால்

தகுதி இருந்தும் காத்திருப்போர் பட்டியலில் வைக்கப்படுவது வழமை, ஏனெனில் ஒவ்வொரு பிரிவுக்கும் ஒதுக்கப்படும் பணம் அளவானது. ஆகவே நிராகரிப்பா, காத்திருப்பா என்பதை முதலில் தெளிவாகக் கேளுங்கள். காத்திருப்பு என்றால் உங்கள் பதிவு இலக்கத்தையும் பட்டியலில் எத்தனையாவது என்பதையும் எழுதிக்கொள்ளுங்கள். நிராகரிப்பு என்றால் காரணத்தை எழுத்தில் கேட்டு, அந்தக் காரணத்துக்கு மட்டும் பதிலளிக்கும் புதிய சான்றோடு பிரதேச செயலாளருக்கு மேன்முறையீடு எழுதுங்கள். பழைய தாள்களையே மறுபடி கொடுத்தால் பழைய முடிவே வரும்.

அஸ்வெசும சம்பந்தமான மேன்முறையீட்டுக்கும் ஆட்சேபனைக்கும் திகதி அறிவிப்பார்கள். அந்தத் திகதிக்குள் பிரதேச செயலகத்திலோ நலன்புரி நன்மைகள் சபையின் இணையத்தளத்திலோ கொடுக்கவேண்டும். விளக்கம் கேட்க 1924.

மாதக்கணக்கில் பதில் இல்லாவிட்டால் 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் பிரதேச செயலகத்தின் தகவல் உத்தியோகத்தருக்கு எழுதுங்கள். "இந்தத் திகதியில் கொடுத்த விண்ணப்பம் எந்த நிலையில் உள்ளது? இந்தப் பிரிவில் காத்திருப்போர் எத்தனை பேர்? தெரிவு எந்த அடிப்படையில்?" என்ற மூன்று கேள்வி போதும். தகவலைத் தருவதா இல்லையா என்று 14 வேலை நாட்களுக்குள் அவர் முடிவு சொல்லவேண்டும். மொழியாலோ, இயலாமையின் வகையாலோ பாரபட்சம் காட்டப்பட்டதாக நினைத்தால் மனித உரிமைகள் ஆணைக்குழுவின் திருகோணமலைப் பிராந்திய அலுவலகம் இருக்கிறது, இலக்கம் 1996.

பாடசாலையும் பரீட்சையும்

இயலாமையைக் காரணம் காட்டிக் கல்வி நிறுவனத்தில் அனுமதி மறுப்பதை 1996ஆம் ஆண்டுச் சட்டத்தின் 23ஆம் பிரிவு தடை செய்கிறது. 5 முதல் 16 வயதுவரை கல்வி கட்டாயம், அது இந்தப் பிள்ளைகளுக்கும்தான். அதிபர் வாய்மொழியாக "எங்களிட்ட வசதி இல்ல" என்றால், அதை எழுத்தில் கேளுங்கள். பின்னர் வலயக் கல்விப் பணிமனையில் விசேட கல்விக்குப் பொறுப்பானவரைச் சந்தியுங்கள். எழுத்தில் கேட்டவுடன் இடம் கிடைத்துவிடுவதும் உண்டு.

பரீட்சைகளில் மேலதிக நேரம், வினாவை வாசிப்பவர், விடையை எழுதுபவர் போன்ற ஒழுங்குகளைப் பரீட்சைத் திணைக்களம் தருகிறது. விண்ணப்பம் பாடசாலை ஊடாக, மருத்துவ அறிக்கையோடு போகவேண்டும். புலமைப்பரிசில் பரீட்சைக்குத் தரம் 4இலும், சாதாரண தரத்துக்குத் தரம் 10இலும் அதிபருக்கு எழுதத் தொடங்குங்கள். பரீட்சைக்கு ஒரு மாதம் இருக்கும்போது கேட்டால் எவராலும் ஒன்றும் செய்ய முடியாது.

கருவிகளும் ஓய்வூதியமும்

உட்கார உதவி தேவைப்படும் பிள்ளைக்கு நாற்காலி கேட்கும்போது அளவுகளைச் சிகிச்சையாளரிடம் எழுதி வாங்குங்கள்: இடுப்பின் அகலம், இடுப்பின் பின்புறமிருந்து முழங்கால் மடிப்புவரை, மடிப்பிலிருந்து குதிக்கால்வரை, நிறை. பெரியவர்களின் சக்கர நாற்காலியைப் பிள்ளைக்குக் கொடுத்தால் ஒரு பக்கம் சரிந்து சரிந்து முதுகெலும்பு வளையும். பொருந்தாத கருவியைத் "தந்தது போதும்" என்று வாங்கிவராமல், அளவைக் காட்டி மாற்றிக் கேளுங்கள்.

பெற்றோரில் ஒருவர் அரச ஊழியராகவோ ஓய்வூதியராகவோ இருந்தால், விதவைகள் மற்றும் அநாதைகள் ஓய்வூதியத்தில் இயலாமையுள்ள பிள்ளைக்கு வழமையான வயதெல்லைக்குப் பிறகும் உரித்து உண்டு. பெற்றோர் உயிரோடு இருக்கும்போதே பிள்ளையின் நிலையைத் தங்கள் கோப்பில் மருத்துவச் சான்றோடு பதிவு செய்யுங்கள். பின்னாளில் சகோதரர்கள் அதை நிரூபிக்க அலைவது மிகக் கடினம்.

கிடைத்த பிறகு

கிளினிக்கை நிறுத்தாதீர்கள். முகவரி மாறினால், குடும்பத்தில் ஒருவர் இறந்தால், வெளிநாடு போனால் உடனே அறிவியுங்கள். அஸ்வெசும தகவலைப் புதுப்பிக்க அறிவிப்பு வரும்போது, பிள்ளையின் நிலை மறுபடி பதியப்பட்டதா என்று பாருங்கள். வருடத்துக்கு ஒரு தடவை புதிய மருத்துவ அறிக்கை வாங்கிக் கோப்பில் சேருங்கள். ஐந்து வருடப் பழைய அறிக்கை மீளாய்வில் நிற்காது.

பிள்ளைக்கு 15 வயதானவுடன் கிராம உத்தியோகத்தர் ஊடாகத் தேசிய அடையாள அட்டைக்கு விண்ணப்பியுங்கள். வெளிச்சமும் கமராவும் பிடிக்காத பிள்ளை என்றால், அடையாள அட்டைப் படம் எடுக்க அனுமதி பெற்ற ஸ்ரூடியோவுக்கு ஆட்கள் குறைந்த காலை நேரத்தில், படமெடுக்காமல் ஒரு தடவை சும்மா கூட்டிப்போய்க் காட்டிவிட்டு, மறுநாள் எடுப்பது சுலபம். 18 வயதில் வங்கியும் பிரதேச செயலகமும் பிள்ளையைப் பெரியவராகக் கணக்கெடுக்கும், அப்போது அடையாள அட்டை இல்லாவிட்டால் பணம் நின்றுபோகலாம்.